வெள்ளைக் கறிவேப்பிலை

பெட்டியின் மூடியைத் திறந்தபோது வீட்டில் அம்மா இருந்தார், தங்கச்சி இருந்தாள், புருவம் திருத்த வந்த அன்ரி ஒருவர் ஒரு புருவம் முடிந்தும் மற்றது முடியாமலும் இருந்தார். அப்பா இருக்கவில்லை. அவர் அந்த நேரம் கனடாவின் மேற்கே மனிற்றோபாவில் எங்கோ ட்ரக் ஓட்டிக்கொண்டிருந்தார்.

மில்லிக்கனில் நாங்கள் வாடகைக்கு இருப்பது ஒரு பேஸ்மென்ற், இன்னொருவரின் வீட்டுக்குக் கீழே நிலத்தடியில். அதன் முன்பக்கத்தில், ஒரு கதிரையும் கண்ணாடியும் வைத்து, அம்மா நூலால் புருவம் திருத்திவிடுகிறார். பின்பக்கத்தில், முழு வீட்டுக்கும் சூட்டுக் காற்று அனுப்பும் இயந்திரம் நிற்கும் ஃபேர்னஸ் அறை. வீட்டில் எக்காலமும் சூடாக இருக்கும் ஒரே இடம் அதுதான். அங்கே வாஷிங் மெஷினுக்கு மேலே நான் ஒரு தட்டு அடித்து, லைற் பூட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில் விதை போட்டு வைத்திருந்தேன். அன்று பின்னேரம் ஒரு பெட்டியைத் திறந்த நான் போட்ட சத்தத்தில் அம்மா வாயில் கடித்த நூலோடு ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் அன்ரி. அன்ரிக்குப் பின்னால் தங்கச்சி.

பச்சைக் கறிவேப்பிலைக் கன்றுகளுக்கு நடுவில் ஒரு கன்று வெள்ளையாக நின்றது.

வெளிறிய பச்சை என்று சொல்ல முடியாது. மஞ்சள் என்றும் சொல்ல முடியாது. பால் வெள்ளை. தண்டில் மட்டும் இலேசான றோஸ் நிறம், குழந்தையின் காது மடலில் இருக்குமே, அப்படி. இலைக்குப் பின்னால் விரலை வைத்தால் விரலின் நிழல் முன்னால் தெரிந்தது. நரம்புகள் கண்ணாடிக்குள் ஓடும் தண்ணீர் போல இருந்தன. நான் மூச்சு விடவும் பயந்தேன்.

"உது பூஞ்சணம் பிடிச்சிட்டுதோ தம்பி?" என்றார் அன்ரி.

"இல்லை அன்ரி. நல்ல கண்டுதான்."

"கண்டெண்டால் பச்சையா எல்லே இருக்க வேணும்."

"அண்ணா, இட்ஸ் எ கோஸ்ட்," என்றாள் தங்கச்சி. போனை எடுத்து அதைப் படம் பிடித்தாள். பிறகு அன்ரியின் ஒற்றைப் புருவத்தையும் பிடிக்கப் பார்த்து அம்மாவிடம் ஏச்சு வாங்கினாள்.

அம்மா மட்டும் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். "பாவம். ரத்தமில்லாத பிள்ளை மாதிரிக் கிடக்கு," என்றார்.

நான் அப்பாவுக்குப் படம் அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். ட்ரக் ஓடும்போது அவர் போனைப் பார்க்கமாட்டார். சாப்பாட்டு நேரம் கடந்து அழைத்தார்.

"டீசல் அடிக்கேக்க பாத்தனான். உது உன்ர லைற் வெளிச்சம் பட்டு வெள்ளையாத் தெரியுது."

"இல்லை அப்பா, உண்மையாவே வெள்ளை."

"போனில எல்லாம் வெள்ளைதான். மாமான்ர மகளின்ர கலியாணப் படத்தில நானே வெள்ளையாத்தான் நிக்கிறன்." அவர் சிரித்தார். பிறகு சொன்னார், "வந்து நேரில பாக்கிறன்."

அந்த ஒரு வசனத்தை நான் பிடித்துக்கொண்டேன். ஏன் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அப்பா ஊரில் தீவுப் பக்கம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போனவர். நான் படிப்பது தாவரவியல். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் பார்க்கிங்கில் நின்றபோது அப்பாவின் கூட்டாளி ஒருவர் கேட்டார், "மகன் என்ன படிக்கிறார்?" அப்பா சொன்னார், "செடியளைப் பற்றி." "ஓ, தோட்டமோ? அதுக்கு ஏனப்பா கனடாவுக்கு வந்தனீங்கள்?" எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். காருக்குள் ஏறிய பிறகு கேட்டார், "தம்பி, ஆரும் கேட்டால் நான் உன்ர படிப்பை என்னண்டு சொல்லுறது?"

நான் வீடு வரும்வரை விளக்கினேன். இலைக்குள் இருக்கும் நிறங்கள், அவை வெளிச்சத்தைப் பிடிக்கும் விதம், தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் விதம், எல்லாம். ஸ்ரீல்ஸ் வீதியில் நாங்கள் திரும்பும் சந்தி வந்தது. அப்பா சிக்னல் போட்டுக்கொண்டு, "சரி. கெட்டித்தனமாப் படி," என்றார். அவருக்கு ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை. பிழை என்னுடையதுதான். கையில் எடுத்துக் காட்ட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

நிறப் பைத்தியம் எனக்குத் தொடங்கியது ஒரு கோலியஸ் விதைப் பைக்கற்றில். கோலியஸ் என்பது பூவுக்காக அல்ல, இலை நிறத்துக்காகவே வளர்க்கும் சிறு செடி. விதை தூசி மாதிரி இருக்கும், தும்மினால் தோட்டமே போய்விடும். ஒரே பைக்கற்றில் இருந்து வந்தவைதான், ஆனால் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒன்று மாதுளம் முத்து நிறம். ஒன்று கறல் பிடித்த இரும்பு, அதற்கு எலுமிச்சைப் பச்சையில் விளிம்பு. அவற்றில் இரண்டைப் பூக்கவிட்டு, தூரிகையால் மகரந்தம் மாற்றி, விதை எடுத்து மறுபடி போட்டேன். தாயிலும் இல்லாத, தகப்பனிலும் இல்லாத ஒரு நிறம் வந்தது. காய்ந்த இரத்தத்தின் கறுப்பு, அதன் நடுவில் ஒரு மஞ்சள் கீற்று. அந்த நிறத்தை அதற்கு முன் உலகத்தில் ஒருவரும் பார்த்திருக்கமாட்டார்கள் என்று நினைத்தபோது வாஷிங் மெஷினில் கையூன்றிக்கொண்டு நின்றேன். கைக்குக் கீழே அது உடுப்புச் சுழற்றிக்கொண்டிருந்தது.

விதை போடுவதற்குச் சட்டி வாங்கவில்லை. அப்பா ட்ரக்கில் குடித்துவிட்டு வீசாமல் கொண்டுவரும் கடதாசிக் கோப்பிக் கப்புகள் போதுமாக இருந்தன. அடியில் ஊசியால் ஓட்டை போட்டால் சரி. மேற்கே போனால் அப்பா அங்கேயே ஊருக்கு ஊர் லோட் எடுத்து ஓடி, மூன்று நாலு கிழமை கழித்துத்தான் திரும்புவார். வரும்போது ஒரு குப்பைப் பை நிறையக் கப் கொண்டுவருவார். "உன்ர வயலுக்கு," என்று கதவடியில் வைப்பார்.

கறிவேப்பிலை பிறகு வந்தது. எல்லா வீட்டையும் போல எங்கள் வீட்டிலும் ஒரு மரம் சட்டியில் நிற்கிறது. கோடையில் வெளியே, குளிருக்கு உள்ளே. பூ வந்தால் இலை குறைந்துவிடும் என்று அம்மா கிள்ளி எறிந்துவிடுவார். இந்தக் கோடையில் கலியாணங்கள் அதிகம், அதனால் புருவங்களும் அதிகம். அம்மாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. மரம் பூத்து, காய்த்து, கறுத்த பழம் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. நான் சதையைக் கழுவி எடுத்து, இருந்த விதை எல்லாவற்றையும் கப்புகளில் போட்டேன். ஒன்றிலாவது இலை வேறு மாதிரி வராதா என்ற நப்பாசைதான். வந்துவிட்டது.

வந்தது நிலைக்காது என்பதும் எனக்குத் தெரியும். இலைக்குப் பச்சைதான் சமையலறை. வெளிச்சத்தையும் காற்றையும் தண்ணீரையும் வைத்து அங்கேதான் சாப்பாடு ஆகிறது. பச்சையே இல்லாத கன்றுக்குச் சமையலறை இல்லை. தாய்மரம் விதைக்குள் கட்டிக்கொடுத்த சாப்பாடு முடியும்வரைதான் அதன் சீவியம். அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"அப்ப கொப்பர் ட்ரக்கோட வரும் மட்டும் நிக்குமோ?"

"தெரியாதம்மா. பாப்பம்."

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அம்மாவுக்கு அந்தக் கன்றில் இரக்கம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் இரக்கம் வந்தால் அது சாப்பாடாகத்தான் வெளிப்படும்.

அடுத்த சனிக்கிழமை நான் நூலகத்தில் இருந்து வந்தபோது படியிலேயே மணத்தது. தீவுப் பக்கத்தில் மீன் கழுவின தண்ணியை ஒருவரும் சும்மா ஊற்றமாட்டார்கள். அது முருங்கைக்கு, தென்னைக்கு, கறிவேப்பிலைக்கு. அம்மா இங்கேயும் கோடையில் அப்படித்தான் செய்வார், வெளியில் நிற்கும் மரத்துக்கு. அன்று காலை விளைமீன் கழுவி, அந்தத் தண்ணியைச் சட்டியோடு ஃபேர்னஸ் அறைக்குக் கொண்டுபோயிருந்தார்.

"அம்மா, எல்லாத்துக்குமோ ஊத்தினீங்கள்?"

"முதல் வெள்ளைக்குத்தான் ஊத்தினனான், வடிவா. பிறகு மற்றதுகளுக்கும் கொஞ்சம் கொஞ்சம். கடைசி ஆறேழு கப்புக்குத் தண்ணி காணேல்லை." அவருக்கு அதில் கவலை வேறு.

சற்று நேரத்தில் மேல் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அவர் பஞ்சாபி, மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர். ஃபேர்னஸ் எங்கள் மீன் மணத்தைச் சூடாக்கி அவருடைய படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. தங்கச்சிதான் மேலே போய் மன்னிப்புக் கேட்டாள். திரும்பி வந்து, "ஹி வாஸ் வெரி நைஸ். பட் ஹி வாஸ் க்ரையிங்," என்றாள்.

மண்ணை மேலாகச் சுரண்டி எடுத்தேன், காற்றாடி போட்டேன். பலனில்லை. மூடிய சூட்டில் அந்தத் தண்ணி தன் வேலையைச் செய்தது. கப்புகளில் ஈ மாதிரிப் பொடி இலையான்கள் பறந்தன. கன்றுகளின் அடித்தண்டு கறுத்து, நூல் மாதிரி மெலிந்து, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தண்ணி போதாமல் தப்பிய கடைசிக் கப்புகள் மட்டும் நிமிர்ந்து நின்றன. வெள்ளைக் கன்றின் வேர்ப்பக்கம் மண்ணிறமாகத் தொடங்கியிருந்தது. சாப்பாடு முடிவதற்கு முன்னமே அதற்குக் கால் போய்விடும்.

அம்மா தட்டுக்கு முன்னால் கை கட்டி நின்றார். "நான் நல்லதுக்கெண்டுதான் ஊத்தினனான்," என்றார். எனக்கு ஏசத் தோன்றவில்லை. அந்தக் கன்றுக்கு இந்த வீட்டில் நான் ஒருவன்தான் துணை என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

ஒரு வழி இருந்தது. படித்திருந்தேனே தவிரச் செய்ததில்லை. ஒரு பச்சைக் கன்றின் தண்டிலும் வெள்ளையின் தண்டிலும் தோலை ஒரு பக்கம் சீவி, காயத்தோடு காயம் பொருத்திக் கட்டிவிட்டால், சிலவேளை இரண்டும் ஒன்றாகப் பொருந்தும். பச்சை சமைப்பது வெள்ளைக்கும் போகும். மாமரத்தில் ஒட்டுப் போடுவதுதான். ஆனால் இங்கே தண்டு ஊதுபத்திக் குச்சி அளவு.

வெள்ளையைக் கிளப்பி வேரைக் கழுவி, தப்பிய பச்சை ஒன்றின் கப்புக்குள்ளேயே நட்டேன். புது பிளேடால் சீவினேன். அதுவரை சரி. கட்டப் போனேன். தண்டுகள் வழுக்கி விலகின.

"விடு, நான் கட்டுறன்," என்றார் அம்மா. கதிரையடியில் இருந்து புருவ நூலை எடுத்துவந்தார். ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறு முனையை விரலில் சுற்றி, தலையை ஒருக்களித்து, மூச்சை அடக்கி, கண்ணிமைக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவரின் அதே கவனத்தோடு சுற்றினார். நான் தண்டுகளை நெருக்கிப் பிடித்திருந்தேன். எங்கள் இருவரின் தலைகளும் முட்டிக்கொண்டு நின்றன.

"இறுக்கமோ?"

"இன்னும் கொஞ்சம் தளத்துங்கோ. அதுக்கும் வீங்க இடம் வேணும்."

முடிந்ததும் அம்மா சிலுவை போட்டார். நான் பிளாஸ்டிக் பையால் மூடினேன்.

பிறகு பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேலையில்லை. வெள்ளை இலைகள் தொய்ந்தன. மறுநாள் இன்னும் தொய்ந்தன. அப்பா வினிப்பெக்கில் இருந்து அழைத்தது அந்த நிலையில்தான். அவர் வீட்டுக்கு வரவேண்டிய கிழமை அது.

"தம்பி, இஞ்ச இருந்து இன்னும் மேற்கால, கல்கரிக்கு ஒரு லோட் தாறாங்கள். நல்ல லோட். அதையும் இறக்கிப்போட்டு வாறன்."

"அப்ப நீங்கள் பாக்கேலாது அப்பா."

"எதை?"

"வெள்ளைக் கண்டை. ஒட்டியிருக்கிறம். பிடிக்குமோ தெரியேல்லை. வாற கிழமை மட்டும் நிக்காது போல."

வைப்பர் கண்ணாடியைத் துடைக்கும் சத்தம் கேட்டது. அங்கே பனி கொட்டியிருக்க வேண்டும்.

"படம் எடுத்து வை," என்றார். சற்றுப் பொறுத்து, "கவலைப்படாதை," என்றும் சொன்னார்.

படம் எடுத்து வைக்கவில்லை. படத்தை அவர் நம்பமாட்டார் என்பதுதானே தொடக்கமே.

ஆனால் இரண்டு நாள் கழித்து, மத்தியானம், பூட்ஸைத் தட்டும் சத்தம் படியில் கேட்டது. அப்பா கதவடியில் குப்பைப் பையோடு நின்றார். தாடி வளர்ந்திருந்தது. "லோட் கான்சல். அதான் வந்திட்டன்," என்றார். அம்மா தேத்தண்ணி வைக்கப் போனார். அப்பா ஜாக்கெற்றைக் கழற்றாமலே ஃபேர்னஸ் அறைக்குள் வந்தார்.

தட்டுக்கு முன்னால் குந்தினார். நான் பையைத் தூக்கினேன். வெள்ளை இலைகளில் ஒன்று காய்ந்திருந்தது. மற்றவை தொய்வு நீங்கிக் கிடையாக விரிந்திருந்தன. காலையில் நான் பார்த்தபோது அப்படி இருக்கவில்லை.

அப்பா குனிந்து ஒவ்வொரு இலையாகப் பார்த்தார். பிறகு, "லைற்றை நிப்பாட்டு," என்றார்.

நிறுத்தினேன். சுவரின் மேல்பக்கத்தில், நில மட்டத்தில், எங்களுக்கு ஒரு சின்ன யன்னல் உண்டு. அதில் பாதிவரை பனி ஏறியிருந்தது. அந்த வெளிச்சம் மட்டும் அறைக்குள் விழுந்தது. பச்சைக் கன்று இருளோடு இருளாகக் கரைந்தது. வெள்ளைக் கன்று கரையவில்லை. யன்னலில் இருந்த பனியும் கப்பில் நின்ற இலையும் ஒரே நிறம். வெளியில் விழுந்ததில் ஒரு துளி உள்ளே வந்து முளைத்தது போல நின்றது.

"உண்மைதான்," என்றார் அப்பா. தனக்குத்தானே சொன்னார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், "தொடலாமோ?"

என் வாழ்நாளில் அப்பா என்னிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. "ஓம், மெல்லமா," என்றேன். ஸ்ரியறிங் பிடித்துக் காய்த்த விரலால் ஒரு இலையின் நுனியைத் தடவினார். விரலை மூக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

"அச்சொட்டா கறிவேப்பிலைதான். கண்ணை மூடினால் ஒரு வித்தியாசமுமில்லை." மறுபடி முகர்ந்தார். "அப்ப இது சாப்பாட்டுக்கு என்ன செய்யுது?"

இந்த முறை எனக்குக் காட்ட ஒன்று இருந்தது. நூல் சுற்றிய இடத்தைக் காட்டினேன். பச்சை சமைக்கிறது, இந்த வழியால் போகிறது, வெள்ளை வாங்குகிறது. ஒட்டு பிடித்தால் இப்படியே இரண்டும் வளரலாம். அப்பா விரலால் காற்றில் அந்த வழியைப் பின்பற்றினார், கீழே இருந்து மேலே.

"அந்தப் பச்சைக்குத் தெரியுமோ, தான் மற்றதுக்கும் சேத்துச் சமைக்கிறன் எண்டு?"

"தெரியாதப்பா. செடிக்கு அப்பிடித் தெரியாது."

"தெரியாட்டி நல்லது," என்றார். "தெரிஞ்சால் கணக்குப் பாக்கும்."

தேத்தண்ணியை நின்றபடியே குடித்துவிட்டு, கோயில் பார்க்கிங்கில் சிரித்த கூட்டாளிக்கு அவராகவே போன் எடுத்தார். சுவருக்கு மற்றப் பக்கம் நின்று கேட்டேன். "எங்கட வீட்டில வெள்ளைக் கறிவேப்பிலை நிக்குது... இல்லையடாப்பா, நோயில்லை... பச்சை சமைச்சுக் குடுக்குது, வெள்ளை சாப்பிடுது... ஓம், மகன்தான் ஒட்டினவன். ஓம், உதைத்தான் படிக்கிறான்... படமோ? படத்தில தெரியாது. நேரில வந்து பார்."

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் சிலர் வந்து பார்த்தார்கள். பையை எடுத்துவிட்டேன். ஒட்டுப் பிடித்த இடம் பருத்து, நூல் தசைக்குள் புதைந்தது. வெள்ளையின் அழுகிய அடித்தண்டு உதிர்ந்துபோனது. கீழே பச்சை, மேலே இரண்டு கிளை, ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை. ஒருநாள் வெள்ளைக் கிளையின் நுனியில் புதிதாக ஒரு குருத்து வந்தது. அதற்கு விதையின் சாப்பாடு ஒன்றுமில்லை. முழுக்க முழுக்கப் பக்கத்துக் கிளையின் சமையல். அதுவும் வெள்ளையாகவே விரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ஃபேர்னஸ் அறையில் நின்றபோதுதான் முன்பக்கத்தில் இருந்து குரல் கேட்டது.

ஒற்றைப் புருவத்தோடு நின்ற அதே அன்ரி. புருவம் மறுபடி வளர்ந்து வந்திருந்தார். அவருடைய கணவரும் அப்பா ஓடும் கொம்பனியில்தான் ட்ரக் ஓடுகிறார்.

"அக்கா, உங்கட அவருக்கு அண்டைக்கு உடம்புக்கு என்னவும் ஏலாமல் போனதோ?" என்று கேட்டார்.

"எண்டைக்கு?"

"வினிப்பெக்கில. கல்கரி லோட்டை வேண்டாமெண்டு எங்கடவருக்குக் குடுத்திட்டு, வெறும் ட்ரக்கோட வந்திட்டாராமே. கிறிஸ்மஸ் காலத்தில ஆரும் விடுவினமோ? எங்கடவர் இப்பவும் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்படுறார்."

நூல் நின்றது. நான் புதுக் குருத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உடம்புக்கு ஒண்டுமில்லை," என்றார் அம்மா. "வீட்டில ஒரு அலுவல் இருந்தது." பிறகு, ஒன்றுமில்லாத குரலில் கேட்டார், "எவ்வளவு குடுத்தவங்கள் அந்த லோட்டுக்கு?"

"கையில ஆயிரத்து முந்நூற்றி நாப்பது டொலர், அக்கா."